வேலை விண்ணப்பக் கடிதம் எழுதும் முறை

தோட்டப்புறங்களுக்கு நாம் செல்லும்போதெல்லாம், படிப்பை முடித்த இளைஞர்கள் தாங்கள் எழுதிய வேலைக் கடிதங்களைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. "பல இடங்களுக்கு எழுதினோம், ஓரிடத்திலிருந்தும் பதில் இல்லையே!" என்பது அவர்தம் மனக்குறை. செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஓர் இளைஞர் காட்டிய கடிதம் நம் நினைவில் நிற்கிறது. தந்தையார் நோயுற்றிருக்கிறார், குடும்பம் வறுமையில் வாடுகிறது, கருணை கூர்ந்து எந்த வேலையாயினும் கொடுத்து உதவ வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். அவர் எஸ்.பி.எம். தேர்வில் தேறியவர், மின்கம்பி பொருத்தும் தொழிலில் மலேசியத் திறன் சான்றிதழ் இரண்டாம் நிலையும் பெற்றவர். கடிதத்தில் இவ்விரண்டில் ஒன்றேனும் காணப்படவில்லை!

இக்குறை அவர் ஒருவருடையதன்று. நம் பாட்டனார் காலத்தில் ஏதேனும் தேவைப்பட்டால், கிராணியாரிடம் சொல்லித் துரைக்கு மனு எழுதச் செய்வது வழக்கம். துயரத்தைச் சொல்லி உதவி கேட்பதே அம்மனுவின் இலக்கணம். வேலை விண்ணப்பம் அத்தகையதன்று. நிறுவனத்திற்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. அவ்வேலையைச் செய்ய வல்லவர் நாம் என்று தெரிவிப்பதே விண்ணப்பம். இதில் இரத்தல் இல்லை, தாழ்வும் இல்லை.

கடிதத்தின் அமைப்பு

அரசாங்க அலுவலகங்களுக்குத் தேசிய மொழியிலேயே எழுத வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு, விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அம்மொழியில் எழுதுவது நன்று. மலாய் மொழியில் எழுதும்போது முதலில் அனுப்புநரின் பெயரும் முகவரியும். அதன்கீழ் ஒரு கோடு. பின்னர்ப் பெறுநரின் பதவி, முகவரி, தேதி. அடுத்து 'துவான்' அல்லது 'புவான்' என்னும் விளிப்பு. அதன்பின் 'பெர்மோஹோனான் ஜவாத்தான்' என்று தொடங்கும் தலைப்பில் பதவியின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இரண்டாம் பத்தியிலிருந்து எண் இடுவது மரபு. முடிவுரைப் பத்திக்கு எண் இல்லை. 'செக்கியான், தெரிமா காசி' என முடித்து, 'யாங் பெனார்' என்பதன்கீழ்க் கையொப்பமிடுக. உறவினருக்கு எழுதும் 'நலம், நலமறிய ஆவல்' இங்குப் பொருந்தாது.

எதனை எழுதுவது?

முதற் பத்தியில், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறோம், அவ்விளம்பரத்தை எங்கு, எந்நாளில் கண்டோம் என்பதைக் கூறுக. இரண்டாம் பத்தியில், அவ்வேலைக்கு வேண்டிய தகுதிகளை மட்டும் ஆண்டுடன் குறிப்பிடுக. மேற்கூறிய இளைஞருக்கு நாம் கூறிய மாதிரி இது: "நான் மின்கம்பி பொருத்தும் தொழிலில் மலேசியத் திறன் சான்றிதழ் இரண்டாம் நிலை பெற்றுள்ளேன். பயிற்சியின்போது ஆறு மாதங்கள் தொழிற்சாலை ஒன்றில் மின்விசைப் பலகைகளைப் பராமரிக்கும் பணியில் உதவினேன். மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம் உண்டு. இரவு ஷிப்டிலும் பணிபுரிய இயலும்." மூன்றாம் பத்தியில், இணைத்துள்ள சான்றிதழ் நகல்களையும் பேட்டிக்கு வரக்கூடிய நிலையையும் தெரிவித்தால் போதும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டலாகாது.

"எங்களுக்கு அனுபவமே இல்லையே" என்று சிலர் தயங்குவர். கோயில் திருவிழாக் கணக்கை எழுதியவர், இளைஞர் மன்றத்தில் செயலாளராக இருந்தவர், விடுமுறையில் பட்டறையில் உதவியவர் எனப் பலர் நம்மிடையே உளர். கணக்கர் வேலைக்கு விண்ணப்பிப்பவர், "இரண்டு ஆண்டுகள் திருவிழாக் கணக்கை எழுதினேன்" என்று கூறுவது தக்கதே. ஆனால் செய்யாததைச் செய்ததாக எழுதுதல் கூடாது. பேட்டியில் இரண்டு கேள்விகளிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

முகவரியில் கவனம்

தோட்டத்து வீடுகளுக்குரிய கடிதங்கள் பலவிடங்களில் தோட்ட அலுவலகத்திற்கு மொத்தமாக வந்து, பிறகே பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. பேட்டி நாள் கடந்தபின் அழைப்புக் கடிதத்தைப் பெற்று வருந்தியவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் தவறாது எழுதுக. அலுவலகத்திலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இன்றைய வழிகள்

பொதுச் சேவை ஆணையத்தின் வழி நிரப்பப்படும் பதவிகளுக்கு அதன் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தனியார் துறை வேலைகளைச் சொக்சோ நடத்தும் 'மைஃபியூச்சர்ஜோப்ஸ்' தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். மின்னஞ்சலில் விண்ணப்பித்தாலும் கடிதத்தின் இலக்கணம் மாறுவதில்லை. பேட்டிக்கு முன்னரே 'பதிவுப் பணம்' அனுப்பும்படி எவரேனும் கேட்டால் ஐயுறுக, பணத்தை அனுப்பிவிடாதீர். மூலச் சான்றிதழ்களைத் தபாலில் சேர்க்காமல் நகல்களையே அனுப்புக. அனுப்பிய கடிதத்தின் படியொன்றை வீட்டில் வைத்திருங்கள். பேட்டிக்குச் செல்லுமுன் அதனை ஒருமுறை படித்துச் செல்வது உதவும்.

அந்த இளைஞர் அன்று மாலையே தம் கடிதத்தை மாற்றி எழுதினார். வறுமையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மூன்றாம் வாரம் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து பேட்டிக்கு அழைப்பு வந்ததெனத் தெரிவித்தார். கடிதத்தால் ஆகக்கூடியது அவ்வளவே. பேட்டியில் விடையளித்து வேலையைப் பெறுவது அவரவர் திறமையைப் பொறுத்தது. படித்துத் தேறிய நம் பிள்ளைகள், அத்தேர்ச்சியைத் தலைநிமிர்ந்து எழுதப் பழக வேண்டும். பெற்றோரும் அவர்களுக்கு அதனையே எடுத்துரைப்பார்களாக!