இரண்டாவது ஆளுக்கும் வயிறு கெடும்போது

2024 ஜூலை முதல் வாரம். திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரையை அடுத்த பெரும்பழுதூரில், மாற்றுத்திறனாளிகள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. 26 வயது இளைஞர் ஒருவர் இறந்துபோனார். வந்தது என்ன நோய் என்று உறுதியாவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. அடுத்த சில நாட்களில் அதே விடுதியில் இருந்த 10 வயதுச் சிறுவனுக்குக் காலரா என்று பரிசோதனை சொன்னது. பிறகு ஒவ்வொருவராக, பத்துக்கும் மேற்பட்டோருக்கு அது உறுதியானது.

காலரா இன்று ஆளைக் கொல்ல வேண்டிய நோயே அல்ல. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலநோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடம்குடமாகக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அந்தக் கரைசல்தான் இன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம். மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் இருக்கிற ஒரு மாவட்டத்தில், இத்தனை எளிய மருந்து உள்ள ஒரு நோய் விடுதிக்குள் எப்படி இவ்வளவு பேரைப் பிடிக்கிறது?

விடை இல்லங்களின் இயல்பிலேயே இருக்கிறது. அங்கே இருப்பவர்களில் பலரால் “எனக்கு வயிறு சரியில்லை” என்று சொல்ல முடியாது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை அழும், அல்லது அடம்பிடிக்கும். மறதிநோய் வந்த மூதாட்டி எத்தனை முறை வெளிக்குப் போனார் என்பது அவருக்கே தெரியாது. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல்கூட அடிக்காமல் போகலாம். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குழம்புவார், தூங்கிக்கொண்டே இருப்பார், சோற்றைத் தள்ளிவிடுவார், கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுவார். ‘வயசாயிட்டுது’ என்று அதை விட்டுவிடுகிறோம். அடிக்கடி அதுதான் சிறுநீர்த் தொற்றின், நிமோனியாவின் முதல் அறிகுறி.

காலராக் கிருமி உடலுக்குள் போய்ச் சில மணி நேரத்திலும் நோய் வெளிப்படலாம், ஐந்து நாள் கழித்தும் வெளிப்படலாம். கிருமி புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இராது. ஆனால் அவர்கள் மலத்தில் கிருமி பல நாட்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒருவர் படுக்கும்போது நோய் ஏற்கெனவே விடுதிக்குள் உலவத் தொடங்கியிருக்கலாம்.

உலவுவது எதன் வழியாக? முதலில் கைகள். காலையில் ஒரே ஆயா நான்கு பேருக்கு டயப்பர் மாற்றி, பெட்பேன் கழுவி, அதே வேகத்தில் இட்லியும் ஊட்ட வேண்டியிருக்கிறது. கை கழுவத் தெரியாமல் அல்ல, நேரம் இல்லாமல்தான் அவர் தவறுகிறார். சோப்பும் தண்ணீரும் வைத்து ஒழுங்காகக் கழுவி முடிக்க 40 முதல் 60 விநாடி ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொருவரையும் தொடும் முன்பும் தொட்ட பின்பும் என்று கணக்குப் போட்டால், ஒரு காலை வேளையில் கை கழுவுவதற்கே எவ்வளவு நேரம் வேண்டும்! இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, சுவரில் ‘கைகளைக் கழுவவும்’ என்று ஒட்டிவைப்பதில் பயனில்லை. தொற்றுக் கட்டுப்பாட்டின் முதல் செலவு ஆள் சம்பளம்தான்.

கோவிட் காலத்துச் சானிட்டைசர் பாட்டில் எல்லாவற்றுக்கும் போதும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 2022 ஜூனில் இதே மாவட்டத்து விழிஞ்ஞத்தில் பள்ளிக் குழந்தைகள் இருவருக்கு நோரோ வைரஸ் உறுதியானது. வாந்தியும் பேதியுமாக வரும் அந்த வைரஸ் ஆல்கஹாலுக்கு எளிதில் அடங்காது. அதைக் கையிலிருந்து போக்குவது சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். வாந்தி பட்ட தரையை வெறும் ஃபினாயில் போட்டுத் துடைத்தால் போதாது. லிட்டருக்கு 30 கிராம் வீதம் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி ஊறவிட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கேரளத்தில் சீரகமோ பதிமுக மரச் சீவலோ போட்டுக் கொதிக்கவைத்த நீரைக் குடிப்பது நல்ல வழக்கம். ஆனால் அவசரத்தில், சூடு ஆற்றுவதற்காக அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் பழக்கமும் கூடவே இருக்கிறது. கொதிக்கவைத்த பலன் அந்த ஒரு சொம்பில் போய்விடுகிறது. இதைச் செய்யாதீர்கள் என்று சுகாதாரத் துறை பலமுறை எச்சரித்தும் நிற்கவில்லை. கிணற்றில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் விட வேண்டும். நோய் பரவும் நாட்களில் அதை இரட்டிப்பாக்க வேண்டும். செலவு சில ரூபாய்.

கண்ணுக்குத் தெரியாமல் வாரக்கணக்கில் பரவுவது சொறி. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து தடவுவது பெரும்பாலான இல்லங்கள் செய்யும் தவறு. அரிப்பு இல்லாதவர், பராமரிப்பவர், எல்லோரும் ஒரே இரவில் தடவ வேண்டும். துணியும் போர்வையும் வெந்நீரில் துவைபட வேண்டும்.

சிறுநீர்க் குழாய் போட்டவர்களிடம் வேறு சிக்கல். யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. குழாய் உள்ளவரின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சலோ வேறு தொல்லையோ இல்லாதபோது, பரிசோதனைத் தாளைப் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் மருந்துக்கு மசியாத கிருமிதான் வளரும். 2018இல் இத்தகைய கிருமிகளைத் தடுக்கவே ஒரு செயல்திட்டத்தை அறிவித்து, இந்திய மாநிலங்களில் முதலாவதாக நின்றது கேரளம். அந்த அக்கறை மருத்துவமனை வாசலோடு நிற்காமல் முதியோர் இல்லத்து மருந்துப் பெட்டிவரை வர வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படியே கேரளத்தில் 12.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்தியாவில் அதுதான் மிக அதிகம். பிள்ளைகள் வளைகுடாவிலும் கனடாவிலும் இருக்க, இல்லங்கள் பெருகுகின்றன. எல்லை தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இதே கதை. கோவிட் நாட்களில் முதியவர்களைத் தனித்து வைத்துக் காக்கும் ‘ரிவர்ஸ் குவாரன்டைன்’ முறையைக் கேரளம் தீவிரமாகக் கடைப்பிடித்தது. அப்படியும் 2020இல் திருவனந்தபுரம் கடலோரத்தில் நோய் பரவியபோது, கொச்சுதுறையில் ஒரு முதியோர் இல்லத்துக்குள் அது புகுந்தது. கதவைப் பூட்டலாம், பராமரிக்க வருகிற கைகளைப் பூட்ட முடியாது.

இவ்வளவுக்கும் ஈடுகொடுக்க மருத்துவமனை அளவுக்குக் கருவிகள் தேவையில்லை. தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு. யாருக்கு எத்தனை முறை பேதி, யார் சாப்பிடவில்லை, யாருக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொரு ஷிப்டிலும் எழுத வேண்டும். இரண்டு நாளைக்குள் இரண்டு பேருக்கு ஒரே தொல்லை என்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும். இதில்தான் தயக்கம். பெயர் கெட்டுவிடும், அனுமதி போய்விடும், நன்கொடை நின்றுவிடும் என்ற அச்சம். அந்த அச்சத்தை நீக்குவது அரசின் பொறுப்பு. தகவல் சொன்ன இல்லத்துக்கு உதவி முதலில் போக வேண்டும், நோட்டீஸ் அல்ல.

பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் இல்லங்களில் சாப்பாடு போடுகிற நல்ல மனம் நம்மிடம் உண்டு. மதியம் சமைத்து இரவில் பரிமாறப்படும் பிரியாணியைவிட, ஒரு மாதத்துக்கான சோப்பு, கையுறை, ஓஆர்எஸ் பொட்டலங்கள், ஓர் இரவு ஆயாவின் சம்பளம் ஆகியவை அங்கிருப்பவர்களை அதிகம் காக்கும். அடுத்த முறை போகும்போது என்ன வேண்டும் என்று முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். உங்களுக்கு இருமலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள்.