தாத்தாவின் இதயமும் காந்தள் விதையும்

பிள்ளைகளே, சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அன்று சாயங்காலமே அந்த இடம் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டிருக்குமே! கிருமிகளோடு சண்டை போட ரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே ஓடிவந்ததால் வந்த வீக்கம் அது. அதற்கு அழற்சி என்று பெயர். வேலை முடிந்ததும் அணுக்கள் கலைந்துபோகும், புண் ஆறிவிடும்.

ஆறாமலே நின்றுவிட்டால்?

மலேசியாவில், கிரியான் ஆற்றங்கரையிலுள்ள பண்டார் பாருவின் தோட்டங்களில், சீனி போடாத காப்பி கேட்கும் தாத்தா பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை கூடிக்கொண்டே போனால் ரத்தக் குழாயின் உட்சுவர் சிறிது சிறிதாகக் கெடும். கெட்ட இடத்தில் கொழுப்பு நுழையும். அதைத் தின்ன வெள்ளணுக்கள் வரும். தின்று தின்று உப்பி, அங்கேயே மாட்டிக்கொள்ளும். வெளியே சிவப்பும் தெரியாது, வலியும் இருக்காது. வருடக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அழற்சி இது.

உங்கள் பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரா? கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் வெட்டினால் பால் வழிந்து கோப்பையில் சேரும். சில மணி நேரத்தில் பால் உறைந்து வெட்டுவாயை அடைத்துக்கொள்ளும். மரம் தன் காயத்தை மூடும் விதம் அது. நம் ரத்தமும் அப்படித்தான். குழாய்ச் சுவரில் உப்பிய இடம் ஒருநாள் வெடித்தால், காயம்தான் என்று நினைத்து ரத்தம் அங்கே உறைகிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் அகலமோ மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான்! அடைத்துக்கொண்டால் மாரடைப்பு.

அப்படியானால் அழற்சியைத் தணித்தால் மாரடைப்பு குறையுமா? 10,061 பேரிடம் ஓர் ஊசி மருந்தைச் சோதித்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் கூடிவிட்டார்கள். காவல்காரர்களை அடக்கிவைத்தால் திருடனுக்கு வசதிதானே!

அடுத்துச் சோதித்த மருந்து நமக்கு நெருக்கமானது. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். தீ நாக்குகள் போன்ற இதழ்கள் கொண்டது. திண்டுக்கல், கரூர் பக்கம் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். விதையில் கால்ச்சிசின் என்ற பொருள் இருக்கிறது. வெள்ளணு நகர்வதற்குத் தன் உடம்புக்குள் நுண்ணிய குழல்களைக் கட்டிக்கொள்ளும்; கால்ச்சிசின் அவற்றைக் கட்டவிடாது. கால் பெருவிரல் வீங்கும் கௌட் நோய்க்கு நெடுங்காலமாகக் கொடுக்கும் மருந்து இதுதான். (செடி முழுவதும் கடும் நஞ்சு. எங்காவது பார்த்தால் கண்ணால் மட்டும் ரசியுங்கள், வாயில் வைத்துவிடாதீர்கள்!)

மாரடைப்பு வந்து பிழைத்த 4,745 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. பாதிப்பேருக்குத் தினமும் அரை மில்லிகிராம் கால்ச்சிசின், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. இந்த 4,745 பேரில் நீரிழிவுக்காரர்கள் 959 பேர். வெறும் மாத்திரை எடுத்த நீரிழிவுக்காரர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு மறுபடி இதயத்திலோ ரத்தக் குழாயிலோ பெரிய சிக்கல் வந்தது. மருந்து எடுத்த நீரிழிவுக்காரர்களில் நூற்றுக்கு 9 பேருக்குத்தான் வந்தது. எனக்கு இதைப் படித்தபோது அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2024இல் முடிவு வெளிவந்த இன்னோர் ஆய்வில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே கணக்கு!

அதோடு, சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கால்ச்சிசின் உடம்பில் தங்கி நஞ்சாகிவிடும். நீரிழிவு சிறுநீரகத்தையும் கெடுக்கும் நோய். அதனால் கிளினிக்கில் தாத்தாவுக்கு டாக்டர் இதைச் சட்டென்று எழுதித் தரமாட்டார்.

நீரிழிவு இருந்தும் இதயநோய் இன்னும் வராத தாத்தாக்களுக்கு இது உதவுமா? அதை அறிய, 10,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டுக் கனடாவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். தினமும் ஒரு மாத்திரை. உள்ளே இருப்பது கால்ச்சிசினா, வெறும் மாவா என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற மருத்துவருக்கும் தெரியாது.