32,768ஆவது மணி நேரம்

2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் தன் சர்வர் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு விடுத்தது. அது விற்ற எஸ்எஸ்டி வட்டுகளில் குறிப்பிட்ட சில மாதிரிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும். அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். நின்றபின் வட்டையும் மீட்க முடியாது, அதிலிருந்த தரவையும் மீட்க முடியாது. தேய்மானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கோளாறு வட்டுக்குள் எழுதப்பட்டிருந்த ஃபர்ம்வேரில். நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த எண்ணே துப்புக் கொடுத்துவிடும். கூட்டல் கழித்தல் குறியோடு 16 பிட்டில் எண்ணினால் 32,767 வரைதான் எண்ண முடியும். 2020 மார்ச்சில் 40,000 மணி நேரத்தில் நின்றுபோகும் வேறு சில மாதிரிகளைப் பற்றியும் அறிவிப்பு வந்தது.

சர்வரில் யாரும் ஒற்றை வட்டை நம்பிப் பிழைப்பதில்லை. ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்று ரெய்டு முறையில் தரவைப் பரப்பி வைப்பார்கள். ஆனால் ஒரே நாளில் பெட்டி பிரித்து மாட்டிய வட்டுகள் அந்த மணி நேரத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே எட்டும். தாங்க வேண்டியதும் சேர்ந்தே விழும். தேய்மானம் ஒவ்வொரு வட்டுக்கும் ஒவ்வொரு நேரத்தில் வரும். ஃபர்ம்வேர் பிழை அத்தனைக்கும் ஒரே முகூர்த்தத்தில் வரும். அதனால்தான் சர்வரைப் பராமரிப்பவர்கள் ஃபர்ம்வேரை இவ்வளவு மதிக்கிறார்கள், இவ்வளவு அஞ்சவும் செய்கிறார்கள்.

ஒரு சர்வருக்குள் ஒரே ஒரு ஃபர்ம்வேர்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மதர்போர்டைத் துயிலெழுப்பும் யூஇஎஃப்ஐ ஒன்று. நெட்வொர்க் கார்டுக்கு ஒன்று, வட்டுக் கன்ட்ரோலருக்கு ஒன்று, ஒவ்வொரு வட்டுக்கும் ஒன்று. இயந்திரம் அணைந்திருந்தாலும் விழித்திருந்து தொலைவிலிருந்து அதை இயக்கவைக்கும் மேலாண்மைச் சிப்புக்கு இன்னொன்று. டெல் அதை ஐடிராக் என்கிறது, ஹெச்பிஇ ஐஎல்ஓ என்கிறது. இவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், மேலே ஓடி, ஒரே சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துத் தரும் ஹைப்பர்வைசர் மென்பொருளின் டிரைவரோடும் ஒத்துப்போக வேண்டும். புதியதெல்லாம் நல்லது என்று ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு, நெட்வொர்க் கார்டு விட்டுவிட்டு வேலை செய்வதை வேடிக்கை பார்க்க நேரும். எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு சேரும் என்று நிறுவனங்கள் பட்டியலே வெளியிடுகின்றன. அலுப்பூட்டும் வாசிப்புதான், ஆனால் வேலையில் பாதி அதுதான்.

பெரும்பாலான ஃபர்ம்வேர் மாற்றங்களுக்கு இயந்திரத்தை அணைத்து எழுப்ப வேண்டும். நினைவகம் நிறைந்த பெரிய சர்வர் தன்னைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்திருக்கவே பல நிமிடம் ஆகும். அதன்மேல் பத்து, இருபது மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன: ஒன்றில் சம்பளக் கணக்கு, ஒன்றில் மின்னஞ்சல், ஒன்றில் மருத்துவமனைப் பதிவேடு. அவற்றை நிறுத்தாமல் அடியிலுள்ள இரும்பை மட்டும் எப்படி நிறுத்துவது?

இதற்கு வழி திறந்தது நேரலை இடமாற்றம். விஎம்வேர் 2003இல் விமோஷன் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 2005இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, ஸென் ஹைப்பர்வைசரில் இதே வித்தையைச் செய்து விரிவாக எழுதியது. முறை இதுதான்: மெய்நிகர் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக அடுத்த சர்வருக்கு நகலெடுப்பது. நகலெடுப்பதற்குள் சில பக்கங்கள் மாறிவிடும். அவற்றை மட்டும் மறுபடி நகலெடுப்பது. சுற்றுக்குச் சுற்று மிச்சம் சுருங்கும். கடைசியில் ஒரு கணம் நிறுத்தி, எஞ்சியதை அனுப்பி, அந்தப் பக்கம் எழுப்பிவிடுவது. அந்தக் குழு குவேக் 3 விளையாட்டு சர்வரை, ஆட்டக்காரர்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே இடம்மாற்றியது. நின்றிருந்த நேரம் 60 மில்லி விநாடி.

ஆக, பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டரில் ஒரு சர்வரைப் பராமரிப்பு நிலைக்கு அனுப்பினால் அதன்மேல் இருப்பவை மற்ற சர்வர்களுக்கு நகரும். காலியானதும் ஃபர்ம்வேரை ஏற்றி, எழுப்பி, சோதித்து, திரும்பச் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இதற்கு ஒரு சர்வரின் சுமையை மற்றவை தாங்கும் அளவுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் விளிம்புவரை நிரப்பியவர்களுக்கு அது ஃபர்ம்வேர் ஏற்றும் இரவில்தான் உறைக்கும்.

நகர மறுப்பவையும் உண்டு. ஒரு கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினி அசையாது. இரண்டு கணினிகள் ஒரே சர்வரில் சேரக் கூடாது என்ற விதி போட்டிருந்தால், சிறிய கிளஸ்டரில் போக்கிடம் இருக்காது. என்றைக்கோ யாரோ மாட்டிவிட்டு மறந்த ஒரு சிடி பிம்பம்கூட நள்ளிரவில் வழிமறித்து நிற்கும்.

வட்டுகளையும் சர்வர்களே பகிர்ந்துகொள்ளும் விசான் போன்ற அமைப்பில் இன்னொரு கணக்கு சேர்கிறது. ஒரு சர்வர் காணாமல்போய் 60 நிமிடம் ஆனதும், இயல்பு அமைப்பின்படி, அதிலிருந்த தரவை வேறிடத்தில் மறுபடி கட்டத் தொடங்கிவிடும். ஃபர்ம்வேர் ஏற்றம் அதைத் தாண்டி இழுத்தால் தேவையில்லாத வேலை ஓடும்.

விஎம்வேர் 2020இல் விஸ்பியர் 7ஓடு கொண்டுவந்த லைஃப்சைக்கிள் மேனேஜர், ஹைப்பர்வைசர், டிரைவர், ஃபர்ம்வேர் மூன்றையும் ஒரே வரையறையாக எழுதி வைத்து, கிளஸ்டர் முழுவதையும் வரிசையாக அதற்குக் கொண்டுவரும். நல்ல கருவிதான். ஆனாலும் முதல் சர்வரைத் தனியே செய்து, சில நாள் ஓடவிட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பேன். 2018 ஜனவரி 3 அன்று மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற புரொசசர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானதும் இன்டெல் அவசரமாக மைக்ரோகோடு, அதாவது புரொசசருக்கான ஃபர்ம்வேர், கொடுத்தது. அதே மாதம் 22ஆம் தேதி, சில இயந்திரங்கள் தாமாகவே மறுபடி மறுபடி துவங்குகின்றன, அதை ஏற்றுவதை நிறுத்துங்கள் என்று அதுவே கேட்டுக்கொண்டது. பொறுத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

அந்த மைக்ரோகோடு புரொசசருக்குப் புதிய பாதுகாப்புக் கட்டளைகளையும் தந்தது. அவற்றைக் கண்டு பழகிய மெய்நிகர் கணினி, அவை இல்லாத பழைய சர்வருக்குத் திரும்ப முடியாது. அதனால் இவிசி என்ற பொருத்த ஏற்பாடு உள்ள கிளஸ்டரில், கடைசி சர்வரும் மாறும்வரை புதிய கட்டளைகளை மறைத்தே வைக்கும்படி விஎம்வேர் அமைத்தது. எல்லா சர்வரும் மாறிய பிறகும், மேலே ஓடும் ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் முழுக்க அணைத்து எழுப்பினால்தான் அது அவற்றைக் காணும். இடமாற்றத்தால் தவிர்த்த அந்த நிறுத்தத்துக்கு, கடைசியில் சம்பளக் கணக்குக்காரரிடம் நேரம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.