மாடிப்படி ஜாலியில் ஒரு மாதா கோயில்

எண்பதுகளில் கட்டிய வீடென்றால் மாடிப்படி ஓரத்தில் ஒரு சிமெண்ட் ஜாலி கட்டாயம் இருக்கும். வட்டம் போட்டது, பூப்போட்டது, வைரக் கட்டம் போட்டது என்று கடையில் விதவிதமாக அடுக்கி வைத்திருப்பார்கள். சுவர் எழுப்பும் செலவு மிச்சம், காற்றும் வெளிச்சமும் வரும், தூசியும் பல்லியும் இலவசம். எங்கள் பெரியம்மா வீட்டு ஜாலியில் ஒரு ஓட்டையில் சீப்பு இருக்கும், இன்னொன்றில் கரண்ட் பில் சுருட்டிச் செருகியிருக்கும். கோயிலுக்கு ஆகிற சாமான் என்று அதை யாரும் நினைத்ததில்லை.

அந்த ஜாலியையே நாலாபுறமும் தரையிலிருந்து கூரைவரை அடுக்கி, ஓட்டைகளில் கலர் கண்ணாடி பதித்து, 1923-இல் ஒரு கோயிலைக் கட்டி முடித்தார்கள். பாரிஸின் கிழக்குப் புறநகரான லு ரேன்சியில் இருக்கும் ஆறுதல் மாதா கோயில் அது. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம். உள்ளூர்க்காரர்களுக்கோ ஞாயிறு திருப்பலிக்குப் போகிற பங்குக் கோயில், அவ்வளவுதான்.

கதை ஒரு போரில் தொடங்குகிறது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது மார்ன் போரின் ஒரு பகுதியாக ஊர்க் நதிக்கரையில் கடும் சண்டை. ரயில் மட்டும் போதாமல், தளபதி கலியெனி பாரிஸ் தெருக்களில் ஓடிய டாக்சிகளைப் பிடித்து, அவற்றில் சிப்பாய்களை ஏற்றி இரவோடிரவாகப் போர்முனைக்கு அனுப்பினார். சுமார் 600 வண்டிகள். மீட்டரும் ஓடியது, பிறகு அரசாங்கம் காசும் கொடுத்தது. அந்தப் போரில் இறந்தவர்களின் நினைவாக ஒரு கோயில் வேண்டும் என்று கிளம்பியவர் லு ரேன்சியின் பங்குத்தந்தை ஃபெலிக்ஸ் நேக்ர். ஆசை பெரிது, கையில் இருந்த காசு சிறிது. கருங்கல்லில் கோதிக் பாணிக் கோயில் என்பது அந்தத் தொகைக்கு எட்டாத கனவு.

அவர் போய்ச் சேர்ந்த இடம் சரியான இடம். கட்டடக்கலைஞர் ஓகுஸ்த் பெரேயிடம். பெரே பிறந்தது 1874-இல், பிரஸ்ஸல்ஸில். பாரிஸ் கம்யூன் எழுச்சியில் சேர்ந்ததால் நாட்டைவிட்டு ஓட நேர்ந்த ஒரு கல்தச்சரின் மகன். பாரிஸின் புகழ்பெற்ற கலைப்பள்ளியில் படித்தும் பட்டம் வாங்காமல் வெளியேறி, தம்பிகளோடு குடும்பத்தின் ஒப்பந்தத் தொழிலில் இறங்கினார். வரைபடம் போடுகிறவரும் இவரே, கம்பி கட்டிக் கான்கிரீட் கொட்டுகிறவரும் இவரே. இடையில் காண்ட்ராக்டர் என்று ஒருவர் இல்லாததால், எதில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பது அவருக்கு அத்துப்படி. காசாபிளாங்காவில் துறைமுகக் கிடங்குகளுக்கு அப்பளம் போன்ற மெல்லிய கான்கிரீட் வளைவுகளை அவர் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தார். சரக்கு மூட்டைக்குப் போட்ட கூரை சாமிக்கு ஆகாதா என்ன?

1922-இல் வேலை தொடங்கியது. பதின்மூன்றே மாதத்தில் முடிந்தது. உள்ளே சுமார் 56 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். நடுக்கூடத்தின் மேல் நீளவாக்கில் ஒரே வளைவு, இருபுறமும் குறுக்குவாக்கில் சின்னச் சின்ன வளைவுகள். வளைவின் கனம் இரண்டு அங்குலம். நம் வீட்டு மொட்டை மாடித் தளமே நாலைந்து அங்குலம் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூரையைத் தாங்கும் தூண்களின் உயரம் 11 மீட்டர், அதாவது மூன்று மாடி. அடியில் குறுக்களவு 43 செண்டிமீட்டர். மேலே போகப்போகச் சிறுத்து 35. எல்லாம் ஒரே அளவு என்பதால் ஒரு தூணுக்கு அடித்த சென்ட்ரிங்கைக் கழற்றி அடுத்ததற்குப் பூட்டினார்கள். அந்த மர அச்சின் உட்புறத்தில் பட்டிகள் அடித்திருந்ததால், கான்கிரீட் இறுகியதும் தூண் முழுக்க நெடுக்குவரிகள் விழுந்தன. கிரேக்கத் தூணில் சிற்றுளியால் செதுக்கும் வரியை இங்கே பலகை செய்து கொடுத்துவிட்டது. பலகையின் தடம்கூட அப்படியே தெரியும். பூச்சு பூச, பட்டி பார்க்க, பெயிண்ட் அடிக்கப் பணமில்லை. பெரேக்கு அதில் விருப்பமும் இல்லை.

அவர் செய்த பெரிய காரியம் ஓரத் தூண்களைச் சுவருக்குள் புதைக்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தியதுதான் என்பது என் எண்ணம். பாரமெல்லாம் தூணுக்குப் போய்விட்டது. சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை. தாங்க வேண்டாத சுவர் எதற்குக் கெட்டியாக இருக்க வேண்டும்? அங்கேதான் ஜாலி உள்ளே வருகிறது.

ஏறக்குறைய இரண்டடிச் சதுரத்தில், உள்ளே வட்டமும் வைரமும் குறுக்குமாக ஒரு சில வடிவங்கள் மட்டும். அச்சில் வார்த்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். படங்களை ஓவியர் மொரீஸ் தெனி வரைந்தார். கண்ணாடி வேலை முழுவதும் மார்கரீத் யூரே என்ற பெண் கலைஞருடையது. அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. பெரும்பகுதி ஓட்டைகளில் உருவமில்லாத வெறும் நிறம். சுவரின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நிறம் ஓங்கி நின்று, அடுத்த பகுதிக்குப் போகும்போது மெல்ல மாறுகிறது. பீடத்துக்குப் பின்னால் நீலம் அடர்கிறது. அது மாதாவின் நிறம். அந்த நிறக் கடலின் நடுவில் சிறிது சிறிதாகப் படங்கள். அவற்றில் ஒன்றில் மார்ன் போரும் இருக்கிறது, சிப்பாய்களை ஏற்றிப்போன டாக்சியும் இருக்கிறது. கோயில் கண்ணாடியில் வாடகைக் காரை ஏற்றிய துணிச்சலை நான் ரசிக்கிறேன்.

நண்பகலில் அங்கே எடுத்த படங்களைப் பார்த்தால், சாம்பல் நிறத் தூண்மீது ஆரஞ்சும் பச்சையும் திட்டுத் திட்டாக விழுந்து கிடக்கும். பெயிண்டுக்குக் காசில்லாத கோயிலுக்கு வெயில் வந்து பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறது. ‘கான்கிரீட்டில் ஒரு சேன்ட் ஷபேல்’ என்று இதற்குப் பட்டப்பெயர் உண்டு. அந்தப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோயில், பாரிஸில் ஒரு ராஜா தனக்காகக் கட்டிக்கொண்டது. இது புறநகர்ப் பங்கு மக்களுக்கு.

ஆனால் மிச்சம் பிடித்த காசு ஒருநாள் வட்டியோடு திரும்பக் கேட்கும். கம்பிக்கு மேல் கான்கிரீட் போதிய கனத்தில் மூடியிருக்க வேண்டும். நம் கொத்தனார்கள் அதைக் ‘கவர்’ என்பார்கள். மெலிவுதான் அழகு என்று கட்டிய கட்டடத்தில் கவருக்கு இடம் ஏது? ஈரம் உள்ளே போனது, கம்பி துருவேறி உப்பியது, கான்கிரீட் பத்தை பத்தையாக உதிர்ந்தது. கடலோர ஊர்களில் பால்கனி அடியில் கம்பி பல்லிளிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1966-இல் பிரெஞ்சு அரசு இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. எண்பதுகளின் கடைசியில் பெரிய பழுதுபார்ப்பு தொடங்கியது. கெட்டுப்போன ஜாலிகளைக் கழற்றி, அதே வடிவில் புதிது வார்த்து, பழைய கண்ணாடிகளை மீண்டும் பொருத்தினார்கள். பதின்மூன்று மாதத்தில் எழுந்ததைச் செப்பனிடப் பல வருடங்கள் ஆயின.

பெரே பிற்காலத்தில் போரில் தரைமட்டமான ல ஹாவ்ர் துறைமுக நகரத்தையே கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார். 1954-இல் இறந்தார். இளம் வயதில் அவரிடம் வேலை பார்த்தவர்தான் பின்னால் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே.

நமக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு நூலிழை இருக்கிறது. ஜப்பானில் வாழ்ந்த செக் நாட்டுக் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் முப்பதுகளில் டோக்கியோ பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரிக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். ஜாலிச் சுவர், கலர் கண்ணாடி, நெடிய தூண்கள் என்று லு ரேன்சியைப் பார்த்து எழுதிய நகல் போலவே இருக்கும். பெரேயிடம் பாரிஸில் வேலை பார்த்த ஒரு சக நாட்டுக்காரர் ரேமண்டின் கூட்டாளியாகவும் இருந்தார். அதே ரேமண்டைத்தான் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம் விடுதி கட்ட அழைத்தது. ஹைதராபாத் நிஜாமின் திவான் அக்பர் ஹைதரி மூலம் கிடைத்த நன்கொடையில் எழுந்ததால் அதற்குக் கோல்கொண்டா என்று பெயர். 1937-இல் தொடங்கி 1945வரை வேலை நடந்தது. ஆசிரமவாசிகளே கைகொடுத்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

அங்கும் பூச்சில்லாத கான்கிரீட்தான். ஜாலியும் கலர் கண்ணாடியும் மட்டும் இல்லை. சுவருக்குப் பதில் நீளவாக்கில் திருப்பி மூடித் திறக்கும் பலகைகள். புதுச்சேரி வெயிலை அறைக்குள் விடக் கூடாது, கடற்காற்றை மட்டும் விட வேண்டும் என்று அவை சாய்ந்து நிற்கின்றன.