வெயில் இருக்கிறது, கரண்ட் இல்லை

துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை என்று சேலம், நாமக்கல் நாளிதழ்களில் அடிக்கடி ஓர் அறிவிப்பு வரும். மாடியில் சோலார் போட்டவர், நமக்கென்ன என்று அதைத் தாண்டிப் போவார். 9 மணிக்கு அவர் வீட்டு ஃபேனும் நிற்கும். நல்ல வெயிலில் 3 கிலோவாட் பேனல் சும்மா காயும்.

இது பழுதல்ல. நெட் மீட்டரோடு சேர்ந்த சோலார் இன்வெர்ட்டர், மின்வாரியக் கம்பியில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸைப் பின்பற்றியே ஓடும். அது போனால் ஓரிரு நொடிகளில் தானும் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நம் மாடி மின்சாரம் தெருக்கம்பியில் ஏறி, கம்பத்தில் இருக்கும் லைன்மேனின் உயிருக்கே உலை வைக்கும்.

மின்தடையிலும் சோலார் ஓட பேட்டரி வேண்டும். அதைச் சேர்க்க இரண்டு வழிகள். பழைய இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஹைபிரிட் இன்வெர்ட்டர் மாட்டலாம். அல்லது பழையதை அப்படியே விட்டு, பேட்டரிக்குத் தனி இன்வெர்ட்டர் வைக்கலாம். இரண்டாவதில்தான் வேடிக்கை. கரண்ட் போனதும் அது முதலில் வீட்டைத் தெருவிலிருந்து துண்டிக்கிறது. பிறகு தானே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸை உண்டாக்குகிறது. சோலார் இன்வெர்ட்டர் சற்று நேரம் கவனித்துவிட்டு, மின்வாரியம் வந்துவிட்டதாக நம்பி உற்பத்தியைத் தொடங்குகிறது. பேட்டரி நிறைந்துவிட்டால்? வாயால் சொல்ல வழியில்லை. அதனால் பேட்டரி இன்வெர்ட்டர் அதிர்வெண்ணை 51, 52 ஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிறது. அதைக் கண்டு சோலார் இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைக்கும், அல்லது நின்றுவிடும். இரண்டுக்கும் இடையில் தனி வயர்கூட வேண்டாம்.

2012இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் வாங்கிய யூ.பி.எஸ். பல வீடுகளில் இன்னும் இருக்கும். அதற்கு இந்த வித்தை தெரியாது. அதன் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட், ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதிதான். இன்று விற்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 3.2 வோல்ட் செல்கள் 16 சேர்ந்து 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 5 யூனிட், பெரும்பகுதியையும் எடுக்கலாம். நான்கு ஃபேன், விளக்கு, டி.வி., ஃபிரிட்ஜ் சேர்ந்து சராசரி 300 வாட் இழுத்தால் 12 மணி நேரத்துக்குக் குறையாது. இந்த வேதியியலை 1997இல் அறிவித்த கட்டுரையில், பின்னாளில் நோபல் பெற்ற ஜான் குட்இனஃபுடன் ‘பாதி’, ‘நஞ்சுண்டசாமி’ என்று இரண்டு இந்தியப் பெயர்களும் உண்டு. இந்த பேட்டரியில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் தீப்பிடிக்கும் வாய்ப்பு மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு. ஆனால் சூடு இதன் ஆயுளையும் தின்னும். சேலத்து ஏப்ரலில் தகரக் கூரை போட்ட மாடிப்படி அறையில் வைக்காதீர்கள். கீழ்த்தளத்தில் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடமே சரி.

போர் மோட்டாரை இதில் சேர்க்கக் கூடாது. கிளம்பும்போது ஓட்டத்துக்குத் தேவையானதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டில் த்ரீ பேஸ் சோலார் இன்வெர்ட்டர் இருந்தால் சிங்கிள் பேஸ் பேட்டரி இன்வெர்ட்டரால் அதை எழுப்பவும் முடியாது. கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பில் குறையும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். நெட் மீட்டர் உள்ள வீட்டுக்கு மின்வாரியமே பேட்டரிதான்: பகலில் கொடுத்த யூனிட் இரவில் கணக்கில் கழிகிறது. சொந்த பேட்டரியிலோ போட்டதில் பத்தில் ஒரு பங்காவது வழியிலேயே போய்விடும். மின்தடைக்காக வாங்குங்கள், அளவாக வாங்குங்கள். மின்வாரிய அலுவலகத்தில் தெரிவித்துவிட்டு மாட்டுங்கள். முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன், நண்பகலில் மெயினை இறக்கச் சொல்லி, சோலார் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.