கோப்பும் பெயரும்: மன்னார்க் கரையோர ஆவணங்களை முன்னிட்டு ஒரு விளக்கம்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இரு கூறாக வகுத்தல் நன்னூல் கற்றோர் யாவரும் அறிந்ததே. பறத்தலாகிய காரணம் பற்றிப் பறவை எனப்பட்டது. மரம் என்பதற்கு அத்தகைய காரணம் காட்டலாகாது, முன்னோர் இட்ட குறியே அதற்குப் பெயராயிற்று. இலக்கண வகுப்பில் மனனம் செய்துவிட்டு மறந்துவிடும் இப்பாகுபாடு, கணினியில் ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒழுங்குசெய்ய முற்படுவோர்க்கு எதிர்பாராத வகையிற் பயன்படுகின்றது. கோப்பொன்றுக்கு அதன் பொருளை உணர்த்தும் காரணப்பெயர் இடுவதா, வெறும் எண்ணாகிய இடுகுறிப்பெயர் இடுவதா என்பதே அப்பணியின் முதல் வினா.

மன்னாரை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பெயர் ஒன்றையே நம்பி ஆவணங்களை அடுக்குவோர் எவ்வாறு இடர்ப்படுவர் என்பதற்கு அக்கரையோரத்தைப் போல நல்ல சான்று கிடைத்தல் அரிது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த மாதோட்டம், மாந்தை எனவும் வழங்கும்; பாளி நூல்கள் அதனை மகாதித்த என்னும். ஆங்கிலேய ஆட்சிக்காலத்திலே சிவில் சேவையில் இருந்த போக் என்பார் 1887 இல் இவ்விடம் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே நான்கு பெயர்களை அடுக்கவேண்டியவரானார். தமிழர் கட்டுக்கரைக்குளம் என்பதை ஆங்கில ஆவணங்கள் இராட்சதக் குளம் என்னும் பொருள்படக் குறிக்கும். நமக்குச் சேது அணையாக இருப்பது அவர்க்கு ஆதாமின் பாலம். மன்னார் என்னும் பெயர்தானும் தப்பவில்லை. முத்துக்குளிப்புப் பற்றி ஹேர்ட்மன் என்னும் பேராசிரியர் 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்ட அறிக்கையில் அப்பெயர் 'என்' என்னும் ஆங்கில எழுத்து ஒன்றும் அதன்பின் 'ஏ' என்னும் எழுத்து இரண்டுமாக அச்சிடப்பட்டுள்ளது. இன்றைய வழக்கில் 'என்' இரண்டு, 'ஏ' ஒன்று. இவற்றையெல்லாம் வருடிப் படமாக்கிய ஒருவர், தலைப்பில் உள்ளவாறே கோப்புகளுக்குப் பெயரிட்டு வைப்பாராயின், பின்னர் 'மன்னார்' எனத் தேடும் மாணவர்க்கு ஹேர்ட்மனின் ஐந்து பகுதிகளுள் ஒன்றும் அகப்படாது. கோப்பு அழியவில்லை, அதே வட்டில் அதே இடத்தில்தான் இருக்கின்றது. ஆயினும் தேடியவர்க்கு அது இல்லாததே.

இஃது சிறிய குறைதானே எனக் கருதற்க. 1964 டிசெம்பர்ச் சூறாவளி பாக்கு நீரிணையின் இரு கரைகளையும் தாக்கியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் தம் இல்லங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். போர்க்காலம் முழுவதும் பெருநிலப்பரப்பின் ஊர்கள் பலவும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. உயிரைக் காக்க ஓடுவோர் காகிதக் கட்டுகளைத் தலையிற் சுமந்து செல்லுதல் அரிது. ஆதலின் இக்கரையோரம் பற்றிய பள்ளி மலரோ, காணி உறுதியோ, கோயிற் கணக்கோ எஞ்சியிருப்பின், அதன் வருடிய படி ஒன்றே உலகில் உள்ள ஒரே படியாக இருத்தல் கூடும். அத்தகைய படியைப் பெயர் மாற்றும்போது இழப்பது, எரியில் இழப்பதைப் போன்றதே.

பெயர் மாற்றும்போது கோப்பை இழத்தல் எவ்வாறு? ஒரு படப்பெட்டி தான் எடுக்கும் படங்களுக்கு நான்கு இலக்க எண்களைத் தொடராக இடும். 9999 வரை சென்றபின் மீண்டும் 0001 இலிருந்து தொடங்கும். இருவர் இரு படப்பெட்டிகளோடு பணிசெய்யின் முதல் நாளிலேயே இரண்டு 0001 தோன்றும். இவ்விரு தொகுதிகளையும் ஒரே கோப்புறையிற் சேர்க்குமாறு கணினிக்கு நாம் எழுதிக்கொடுக்கும் கட்டளை, பின்வந்த 0001 ஐ முன்னிருந்த 0001 இன்மேல் எழுதிவிடும். எச்சரிக்கை எழாது, பிழைச்செய்தி வராது. கையால் ஒவ்வொன்றாக நகர்த்தும்போது 'இப்பெயரில் ஒன்று உளதே, என்செய்வது?' என வினவும் அதே கணினி, நிரலுக்கு முன் வாய்மூடி நின்றுவிடும்.

அந்நிரலை எழுதுதற்குப் பல மொழிகள் உள. ஈண்டு எடுத்துக்கொள்வது பி.எச்.பி. என்னும் இணைய நிரல்மொழி. 1994 இல் றாஸ்மஸ் லேர்டோர்ப் என்பவர் தம் சொந்த இணையப் பக்கத்துக்கென எழுதிய சிறு கருவிகளிலிருந்து வளர்ந்தது இது. விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கி மென்பொருள் இம்மொழியில் ஆயது. 2005 இல் தொடங்கப்பெற்று ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணிவரும் நூலகம் தளத்தின் பட்டியற் பக்கங்களும் அம்மென்பொருளிலேயே அமைந்தவை. கல்லூரித் தளமொன்றை நடத்துவோர் பலர்க்கு இம்மொழி முன்னரே பழக்கமாயிருக்கும். இணையப் பக்கத்துக்கு மாத்திரமன்றி, கட்டளை வரியிலிருந்தும் இதனை இயக்கலாம் என்பதைப் பலர் கருதுவதில்லை. நம் பணிக்கு அதுவே ஏற்றது.

வேண்டப்படும் கட்டளைகள் மிகச் சில. 'ஸ்கான்டிர்' கோப்புறையின் உள்ளே உள்ளவற்றைப் பெயர்ப் பட்டியலாகத் தரும், 'எம்.கே.டிர்' புதிய கோப்புறை அமைக்கும். 'றீநேம்' பெயர் மாற்றும். கோப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்துதலும் 'றீநேம்' செய்யும் தொழிலே. மேற்கூறிய ஊமைத்தனம் இதன் குணமாதலின், இதனை அழைக்குமுன் 'பைல் எக்சிஸ்ற்ஸ்' என்னும் கட்டளையால், செல்லுமிடத்தில் அப்பெயர் ஏற்கெனவே உளதா என வினவி, உளதாயின் அங்கேயே நிறுத்துமாறு எழுதுதல் கட்டாயம். ஒரு வரி மிகுதியாக எழுதச் சோம்பி ஓராண்டு உழைப்பை இழந்தோர் உளர்.

'ஸ்கான்டிர்' தரும் வரிசையிலும் ஒரு பொறி உண்டு. அது எண்களை எண்ணாகக் கருதாது, எழுத்தாகவே கருதும். ஆதலின் 1 இன்பின் 10, 100, 101 என வந்து, நெடுந்தூரம் சென்றபின்னரே 2 வரும். 212 பக்கங்களைக் கொண்ட மலரொன்றைப் பக்கந்தோறும் படமெடுத்து அவ்வரிசையிலேயே பி.டி.எஃப். ஆகக் கோத்தால், முதற் பக்கத்தை அடுத்துப் பத்தாம் பக்கம் நிற்கும். இயல்பு வரிசைக்கென 'நற்சோற்' என்னும் கட்டளை உண்டெனினும், 001, 002 என முன்னே சுழியமிட்டு எழுதுதலே சிறந்தது. பிற்காலத்தில் எந்த மென்பொருள் திறந்தாலும் வரிசை கெடாது.

இனி, தமிழிற் பெயரிடுதல் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதனைத் தொடுவதில்லை. மாதோட்டம் என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மா, தோ, ட், ட, ம் என ஐந்து என்பான் மூன்றாம் வகுப்பு மாணவன். ஒருங்குறி முறையில் அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியெண் பெறுவதால் ஒன்பது. அவை ஒவ்வொன்றும் வட்டில் மூன்று பைற்று இடம் கொள்வதால் இருபத்தேழு. இவ்வளவோடு முடிந்தாலும் நன்று. 'தோ' வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். முன்னிற்கும் இரட்டைக்கொம்பும் பின்னிற்கும் காலுமாக இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு சிறிதும் இல்லை. ஆனால் இரண்டாம் முறையில் அச்சொல் முப்பது பைற்று. லினக்ஸ் கணினியில் இவ்விரு 'மாதோட்டம்' கோப்புறைகளும் அருகருகே நிற்கும். பாதி ஆவணம் ஒன்றில், பாதி மற்றதில். ஒன்றைத் திறந்தவர் 'எஞ்சியவை எங்கே?' எனத் திகைப்பார். பி.எச்.பி.யில் 'நோமலைசர்' என்னும் பகுதி இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணரும்; பெயரைப் படித்தவுடனும், எழுதுமுன்னும் அதனூடாகச் செலுத்துதல் வேண்டும்.

ஔகாரத்தின் நிலை இதனினும் கடினம். 'மௌலவி' என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல், ஒற்றைக்கொம்பை இட்டு ளகர எழுத்தைத் தட்டுவோர் மிகப் பலர். திரையில் இரண்டும் ஒன்றே. ஆயின் ஒருங்குறி இவற்றை ஒன்றெனக் கொள்ளாது. ஆகலின் 'நோமலைசர்' கைவிட்டுவிடும். 'கொம்பையடுத்து ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரமாக்குக' எனக் கட்டளை எழுதினாலோ, மாந்தை மேற்கில் உள்ள வெள்ளாங்குளம் சிதைந்துபோகும். இங்கே மனிதக் கண்ணே நடுவராதல் வேண்டும். மேலும், சொல்லைச் சுருக்க விரும்பி 'சப்ஸ்ரர்' என்னும் கட்டளையைக் கையாள்வோர், அது எழுத்தை அன்றிப் பைற்றையே எண்ணி வெட்டும் என்பதை நினைவிற் கொள்க; வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழுந்து பெயரைப் பழுதாக்கும். லினக்ஸ் கோப்புப் பெயரின் எல்லை பெரும்பாலும் 255 பைற்று. தமிழ்க் குறியெண் 85 அளவில் அது நிரம்பிவிடும். நீண்ட கும்பாபிடேக மலரின் தலைப்பை முழுதும் எழுத முயல்வோர் இவ்வெல்லையில் முட்டுவர். விண்டோஸ் கணினியிலோ, 2016 இல் வெளிவந்த 7.1 ஆம் பதிப்புக்கு முற்பட்ட பி.எச்.பி. தமிழ்ப் பெயருடைய கோப்புகளைச் செவ்வனே கையாளாது.

இவ்வளவும் எண்ணிப் பார்ப்பின், கோப்புக்கு இடுகுறியே தக்கது என்பது பெறப்படும். மீடியாவிக்கி ஒரு படத்தை வைக்குமிடத்தை அதன் பெயரிலிருந்தே கணக்கிடும். பெயரை ஒரு கணித முறையால் அரைத்து, வரும் விடையின் முதலிரு குறிகளைக் கொண்டு 256 உட்கோப்புறைகளுள் ஒன்றைத் தெரியும். பெயர் மாறின் இடமும் மாறும். நூலகம் தளம் நூல்களை வைக்கும் முறையோ வேறு. ஒவ்வொரு நூலுக்கும் நூலக எண் ஒன்று உண்டு. நூறு நூறாக வகுத்த கோப்புறைகளில், அவ்வெண்ணையே பெயராகக் கொண்ட உட்கோப்புறையில் நூல் இருக்கும். 350 ஆம் எண்ணெனின் 04 என்னும் கோப்புறை. எண்ணை நூறால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் இடம் கிடைத்துவிடும், பி.எச்.பி.யில் அஃது ஒரே வரி. மாந்தையை மாதோட்டம் எனத் திருத்தினாலும், ஆசிரியர் பெயர்ப் பிழையை நீக்கினாலும், கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். திருத்தம் பட்டியலுக்கே உரியது. காரணப்பெயர் எத்தனை வேண்டுமோ அத்தனையையும் பட்டியல் தாங்கும். கோப்பின் பெயரோ ஒன்றைத்தான் தாங்கும்.

ஆகவே நம் கல்லூரி நூலகத்திற் பணிதொடங்குவோர் செய்யத்தக்கது வருமாறு. மூலப் படங்களைத் தனி வட்டிற் படியெடுத்து, அதனைத் தொடாது வைக்க. நிரல் முதல்முறை இயங்கும்போது ஒரு கோப்பையும் அசைக்காது, பழைய பெயர், புதிய எண் ஆகிய இரண்டையும் ஒரு பட்டியலாக மாத்திரம் எழுதித் தருதல் வேண்டும். அப்பட்டியலை அச்சிட்டு, மன்னார் ஊர்ப்பெயர்களை அறிந்த ஒருவர் பேனாவோடு அமர்ந்து பார்த்தபின்னரே இரண்டாம் முறை இயக்குக. இந்த அமர்வைக் கணினி அறிந்த இளைஞர் வீண்காலம் என்பர். யாம் அவ்வாறு கருதவில்லை. அரிப்பைச் 'சரிப்பு' என வாசித்த தட்டச்சுப் பிழையை நிரல் காணாது, அவ்வூரார் காண்பர். இரண்டாம் முறை இயங்குகையில், மாற்றுமுன் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்துக்கும் 'ஹாஷ் பைல்' தரும் கைரேகை போன்ற குறியைப் பதிந்து, மாற்றியபின் மீளக் கணித்து ஒப்பிடுக. முன்னிருந்த குறிகளுள் ஒன்றேனும் பின்னர்க் காணப்படாதாயின், பணியை நிறுத்தி மூலவட்டிலிருந்து அக்கோப்பை மீட்டுக்கொள்க.

பட்டியலை எளிய உரைக்கோப்பாகவே வைத்தல் நன்று. எண், நூலின் அட்டையில் உள்ளவாறே பெயர், இன்றைய தமிழ் வழக்கு, பிற வழக்குகள், ஆண்டு என ஐந்து நிரல்கள் போதும். ஹேர்ட்மனின் முதற் பகுதிக்கு இரண்டாம் நிரலில் அவர் அச்சிட்ட எழுத்துக்கூட்டலும், மூன்றாம் நிரலில் மன்னார் என்பதும், நான்காம் நிரலில் அரிப்பு, சிலாபத்துறை, முத்துச்சலாபம் என்னும் சொற்களும், ஐந்தாம் நிரலில் 1903 என்பதும் இடம்பெறும்.