மெஷின் காலம் – 11: ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்

விண்டோஸ் எக்ஸ்பி போடும்போது திரையின் இடது ஓரத்தில் ‘இன்னும் சுமார் 39 நிமிடங்கள்’ என்று ஒரு வரி வரும். அதை யாரும் நம்பியதில்லை. மளமளவென்று 34-க்கு இறங்கி, அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும். மதர்போர்டில் என்னென்ன இருக்கிறது என்று துழாவும் கட்டம் அது. மெக்கானிக் டீ குடிக்கப் போகும் நேரமும் அதுதான்.

2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்ததிலிருந்து ஏறக்குறையப் பத்து வருடம், நம்மூரில் கணினி ரிப்பேர் என்றால் பெரும்பாலும் இந்த 39 நிமிடம்தான். ‘சிஸ்டம் ஸ்லோவா இருக்கு’ என்றாலும் ஃபார்மட். ‘அடிக்கடி ஹேங் ஆகுது’ என்றாலும் ஃபார்மட். ‘பாட்டு திக்கித் திக்கி வருது’ என்றாலும் ஃபார்மட். பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே போனில் தீர்ப்பு வந்துவிடும்: ‘அடிச்சுப் போட்டுடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்.’ வேடிக்கை என்னவென்றால், ஆகவும் ஆகும். அதனால்தான் யாரும் அந்த வைத்தியத்தைக் கேள்வி கேட்கவில்லை.

மென்பொருள் தேய்கிற பொருளல்ல. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து ஆட்டோவில் ஏற்றி வந்த அன்று எந்த விண்டோஸ் இருந்ததோ, அதே விண்டோஸ்தான் ஒரு வருடம் கழித்தும் உள்ளே இருக்கிறது. பிறகு ஏன் தள்ளாடியது?

பழி முழுக்க ‘ரெஜிஸ்ட்ரி’ மேல் விழுந்தது. எந்த நிரல் எங்கே இருக்கிறது, எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்புகளையெல்லாம் விண்டோஸ் எழுதி வைத்துக்கொள்ளும் இடம் அது. அதில் குப்பை சேர்ந்துவிட்டது, சுத்தம் செய்தால் பறக்கும் என்று சொல்லி விற்ற ‘கிளீனர்’கள் ஏராளம். என் கணிப்பில் அது அநியாயப் பழி. தேவையான வரியைப் பெயரைச் சொல்லி நேராகப் போய் எடுக்கிற அமைப்பில், நாலாயிரம் வீண் வரி கூடுதலாகக் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. இத்தகைய கிளீனர்களைத் தான் ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது.

உண்மையான குற்றவாளிகளில் ஒன்று கண்ணெதிரேயே இருந்தது. திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும் குட்டிக் குட்டிப் படங்கள். ஒரு மெசஞ்சர், ஒரு டவுன்லோட் மேனேஜர், பிரிண்டரில் மை எவ்வளவு பாக்கி என்று சொல்ல ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டாக ஆன்ட்டி வைரஸ். கணினியை ஆன் செய்ததும் இவையெல்லாம் கூப்பிடாமலே வந்து உட்காரும். எக்ஸ்பிக்கு 128 எம்.பி. ராம் போதும் என்று பெட்டியில் போட்டிருந்தது. வீட்டு மெஷின்களில் அதுவோ அதற்கு இரு மடங்கோதான் இருக்கும். ராம் நிறைந்ததும் விண்டோஸ் பாக்கியை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். அந்த ‘கர்ர்... கர்ர்...’ சத்தம் நினைவிருக்கிறதா? ஃபார்மட் அடித்தால் இந்தக் கூட்டம் மொத்தமும் ஒழிந்துபோகும். அழைக்கப்படாதவர்களை மட்டும் வெளியேற்றியிருந்தாலும் அதே வேகம்தான் கிடைத்திருக்கும்.

கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறுவது இன்னொரு காரணம். காலியான ஹார்ட் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும்போது வட்டின் வெளி விளிம்பில் எல்லாம் அடுத்தடுத்து அமரும். விளிம்பில் ஒரு சுற்றுக்குப் படிக்கக் கிடைக்கும் தரவும் அதிகம். நாளாக ஆகச் சிதறல். படிக்கும் முள் அங்கும் இங்கும் ஓட வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. மெக்கானிக்குகளில் வெகு சிலருக்கே அது தெரிந்திருந்தது.

அன்றைய பெட்டிகளில் ஹார்ட் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைத்தது ஐ.டி.இ. கேபிள், சாம்பல் நிறத்தில், பட்டையாக, ரிப்பன் மாதிரி இருக்கும். அதன் வழியே தரவு போக இரண்டு முறைகள். முதலாவது டி.எம்.ஏ.: பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் டிஸ்க்கிலிருந்து தரவு நேராக ராமுக்குப் போய்விடும், நொடிக்கு 100 எம்.பி. வரை பாதை திறந்திருக்கும். இரண்டாவது பி.ஐ.ஓ.: பிராசஸரே கூலியாளாக நின்று ஒவ்வொன்றாகச் சுமக்க வேண்டும், உச்சம் 16.6 எம்.பி. கேபிள் லேசாகத் தளர்ந்தாலோ டிஸ்க்கில் ஓரிடம் பழுதானாலோ படிக்கும்போது பிழை வரும். எக்ஸ்பி அந்தப் பிழைகளை எண்ணிக்கொண்டே இருக்கும். இன்று ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, சித்திரையில் ஒன்று என்று வந்தாலும் கணக்கில் சேரும். மொத்தம் 6 ஆனதும் வேகத்தை ஒரு படி இறக்கும். மேலும் பிழை வந்தால் இன்னும் இறக்கி, கடைசியில் பி.ஐ.ஓ.வில் கொண்டுபோய் நிறுத்திவிடும். பிறகு தானாக மேலே ஏறவே ஏறாது. திரையில் ஓர் எச்சரிக்கை கிடையாது. மவுஸ் அம்புக்குறி குதித்துக் குதித்து நகரும், பாட்டு திக்கும், அவ்வளவுதான்.

இறங்கிய வேகம் எழுதப்பட்டிருந்தது விண்டோஸுக்குள். ஃபார்மட் அடித்தால் அந்தக் குறிப்பு அழிந்து, டிஸ்க் மறுபடி முழு வேகத்தில் ஓடும். ‘பாத்தீங்களா சார்?’ என்று மெக்கானிக் பெருமையாகத் திரும்புவார். தளர்ந்த கேபிள் தளர்ந்தபடியேதான் இருக்கும். சில மாதத்தில் எண்ணிக்கை மறுபடி நிறையும், அவருக்கு மறுபடி போன் போகும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. சேனலை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்து, ஒரு புதுக் கேபிள் மாட்டினால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

புதிதாக ஓ.எஸ். போட்ட மெஷின்தான் ஆரோக்கியமானது என்ற எண்ணத்துக்கும் ஒரு அடி விழுந்தது. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற கணினிப் புழு வந்தது. எந்த மெயிலையும் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். இணையத்தில் இணைந்திருந்தாலே போதும், விண்டோஸின் ஓட்டை வழியே உள்ளே வந்துவிடும். பழைய எக்ஸ்பி சி.டி.யிலிருந்து பளபளவென்று போட்ட சிஸ்டம், நெட் கனெக்‌ஷன் கொடுத்த சில நிமிடங்களிலேயே 60 நொடிக் கவுண்ட்டவுனைக் காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதற்கான மருந்தைத் தரவிறக்கவும் நெட்டுக்குத்தான் போயாக வேண்டும். எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-தான் அதை இயல்பாகவே இயங்க வைத்தது. அதன் முழு அளவு சுமார் 270 எம்.பி. டயல்-அப் இணைப்பில் ஒரு ராத்திரி முழுக்க இறக்கினாலும் முடியாது.

இதில் நம்மூருக்கு இன்னொரு சிக்கல். பலர் வீட்டு எக்ஸ்பி கடையில் வாங்கியதல்ல. எஃப்.சி.கே.ஜி.டபிள்யூ என்று தொடங்கும் 25 எழுத்துச் சாவியை மனப்பாடமாகத் தட்டத் தெரிந்தவர்தான் மெக்கானிக். உலகம் முழுக்கக் கசிந்த அந்தச் சாவியை 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1 ஏற்க மறுத்தது. ஆகவே ஓ.எஸ். போட்ட கையோடு அப்டேட்டை அணைத்து வைப்பது ஒரு தொழில் தர்மமாகவே ஆகிப்போனது. அப்டேட் இல்லாததால் வைரஸ், வைரஸால் ஸ்லோ, ஸ்லோ என்றால் ஃபார்மட், ஃபார்மட் முடிந்ததும் அப்டேட் ஆஃப்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஃபார்மட் ஒரு தனித் தண்டனை. எக்ஸ்பிக்குத் தமிழ் யூனிகோடு தெரியும். லதா என்ற எழுத்துருவும் சி.டி.யில் உண்டு. ஆனால் தானாகப் பதிவாகாது. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகள் என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அடித்தவுடன், ‘எக்ஸ்பி சி.டி.யைப் போடு’ என்று கேட்கும். சி.டி. மெக்கானிக்கின் பையோடு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். அதுவரை தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். டி.டி.பி. சென்டர்களின் பாடு இதைவிட மோசம். அவர்கள் வேலை முழுக்கப் பழைய எழுத்துருக்களில். ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைக் காப்பி எடுக்காமல் அடித்துவிட்டால், நேற்று வரை கல்யாணப் பத்திரிகையாக இருந்தது இன்று தலையில் புள்ளியும் வாலில் கொக்கியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக விரியும். முகூர்த்த நேரம் எந்த வரி என்றே தெரியாது.

‘சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது இருக்கா சார்?’ இது மெக்கானிக் கேட்கும் சம்பிரதாயக் கேள்வி. ‘எல்லாம் டி-லதான்’ என்பது சம்பிரதாயப் பதில். டெஸ்க்டாப்பும் மை டாக்குமெண்ட்ஸும் சி-க்குள்தான் இருக்கின்றன என்பது ராத்திரிதான் உறைக்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸின் மெயில்கள் மறைவான ஒரு ஃபோல்டரில், டாலி கணக்கு பெரும்பாலும் சி-யிலேயே ஒரு மூலையில்.

பிரவுசிங் சென்டர்கள் வேறு வழி கண்டன. டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் கணினி பழைய நிலைக்கே திரும்பிவிடும். வைரஸும் போய்விடும், வாடிக்கையாளர் டெஸ்க்டாப்பில் சேமித்த பயோடேட்டாவும் போய்விடும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012 வாக்கில், பாதி அடித்த விண்ணப்பத்தோடு கரண்ட் போய், யு.பி.எஸ்.ஸும் கைவிட்டு, வேலை தேடும் பிள்ளைகள் தலையில் கை வைத்ததை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள்.

அதே 2012-இல் வந்த விண்டோஸ் 8, மெக்கானிக்கின் வேலையை ஒரு பொத்தானாக உள்ளேயே வைத்தது. விண்டோஸ் 10, 11-இல் ‘ரீசெட் திஸ் பி.சி.’ என்று இருப்பது அதன் வாரிசு. ஃபைல்களை வைத்துக்கொண்டும் செய்யலாம், துடைத்துவிட்டும் செய்யலாம். இன்று அது மூன்று நேரங்களில்தான் அவசியம் என்பேன். வைரஸ் புகுந்து எதையும் நம்ப முடியாத நிலை. அப்டேட் பாதியில் உடைந்து எழுந்திருக்காத நிலை. மெஷினை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது. வெறும் வேகத்துக்காக என்றால் முதலில் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்-அப் பட்டியலைத் திறந்து, தேவையற்றதை அணையுங்கள். லேப்டாப் விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; ஆயிரம் ஃபார்மட் அடித்தாலும் அது மாறாது.

இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓடும் பழைய மெஷின் என்றால், எஸ்.எஸ்.டி. மாற்றுங்கள். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் வட்டுக்கு ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி நொடி ஆகும். சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு நூறு சொச்சம்தான் அதனால் பொறுக்க முடியும். சுற்றுவதற்கே எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. அதே நொடியில் பல்லாயிரம் எடுக்கும். பழைய லேப்டாப்புக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை.

ரீசெட்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கக்கூடும். பயாஸில் கை வைத்தாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 11-ஐ ஏற்காத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களை என்ன செய்வது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)